பாதுகாப்புக் கட்டளையை நீடிக்கக் கேட்டு அறிவித்தல் வந்தால்: எதிர்ப்பவர் செய்ய வேண்டியவை

உங்களுக்கு எதிராக நீதவான் நீதிமன்றம் போட்ட பாதுகாப்புக் கட்டளை முடியப்போகிற நேரத்தில், அதை நீடிக்கக் கேட்டு இன்னொரு அறிவித்தல் வந்திருக்கிறதா? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நீதிமன்றங்களில் அதற்கு எப்படிப் பதில் கொடுப்பது என்பதே இந்தக் கட்டுரை. நீங்கள் கணவனாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், தாய்க்கு எதிரே நிற்கும் மகனாகவும் இருக்கலாம். நடைமுறை எல்லாருக்கும் ஒன்றுதான்.

அடிப்படை இது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு பாதுகாப்புக் கட்டளை 12 மாதத்துக்கு மேற்படாத காலத்துக்கே போடப்படும். பிறகு அதை நீடிக்கவோ மாற்றவோ நீக்கவோ மன்றைக் கேட்கலாம். கட்டளை பெற்றவர் மட்டுமல்ல, கட்டளைக்கு உட்பட்ட நீங்களும் கேட்கலாம். பலருக்கு இந்த இரண்டாவது பாதி தெரிவதில்லை.

ஒன்றை முதலே சொல்லிவிட வேண்டும். கை நீட்டியது உண்மை, ஆத்திரமும் இன்னும் அடங்கவில்லை என்றால் எதிர்ப்பதில் நேரத்தையும் காசையும் கொட்டாதீர்கள். நீடிப்புக்குச் சம்மதித்து, உங்கள் தொழிலுக்கு இடைஞ்சலான நிபந்தனையை மட்டும் மாற்றித் தரும்படி கேளுங்கள். மன்று அதைத்தான் காது கொடுத்துக் கேட்கும்.

1. அறிவித்தலைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டிய திகதிகள்

மூன்று திகதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்: பழைய கட்டளை முடியும் நாள், நீடிப்பு விண்ணப்பம் தாக்கலான நாள், உங்களை வரச் சொன்ன தவணை. பழைய கட்டளை முடிந்து போன பிறகுதான் விண்ணப்பம் தாக்கலாகியிருக்கிறது என்றால், நீடிக்க அங்கே கட்டளையே இல்லை என்ற வாதத்தை உங்கள் சட்டத்தரணி எழுப்பலாம். ஆனால் அதில் அதிகம் மகிழ வேண்டாம். மற்றத் தரப்பு புதிய விண்ணப்பம் ஒன்றைப் போட்டு, அவசரம் என்று காட்டினால் இடைக்காலக் கட்டளை கையோடு கிடைக்கும். 14 நாளுக்குள் விசாரணைக்கும் தவணை வரும்.

அறிவித்தலை வாங்காமல் ஒளிவது, வீட்டில் ஆள் இல்லை என்று தம்பியை விட்டுச் சொல்விப்பது, இவையெல்லாம் உங்களுக்குத்தான் பாதகம். அறிவித்தல் சேர்ப்பிக்கப்பட்டது என்று மன்று திருப்திப்பட்டால் நீங்கள் இல்லாமலே கட்டளை போகும்.

இன்னொரு குழப்பம்: இது குடும்ப விடயம்தானே என்று விவாகரத்து வழக்கு நடக்கும் மாவட்ட நீதிமன்றப் பதிவாளரிடம் போய் நிற்பவர்கள் உண்டு. பாதுகாப்புக் கட்டளை நீதவான் நீதிமன்ற வழக்கு. வழக்கு இலக்கமும் வேறு, வழக்கேடும் வேறு. இரண்டு மன்றும் ஒரே வளாகத்தில் இருந்தாலும் கந்தோர் வேறு. வழக்கு இலக்கத்தைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மேசைக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான்.

2. தவணை வரும்வரை கட்டளையை ஒரு மயிரிழையும் மீறாதீர்கள்

எதிர்ப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நீடிப்பு விசாரணையில் மன்று பார்ப்பது, கட்டளை போட்ட பிறகு நிலைமை எப்படி மாறியிருக்கிறது என்பதை. கடைசி இரண்டு கிழமையில் நடந்த ஒரு மீறல், பதினொரு மாத ஒழுக்கத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். கட்டளையை மீறுவது தனிக் குற்றமும்கூட: 10,000 ரூபாவுக்கு மேற்படாத தண்டம், அல்லது ஒரு வருடத்துக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும்.

மீறல் என்று தெரியாமலே மக்கள் செய்பவை:

அவர் கோல் எடுத்தார், நான் பேசினேன். கட்டளை கட்டுப்படுத்துவது உங்களை, அவரை அல்ல. அவர் பத்துத் தடவை எடுத்தாலும் நீங்கள் பேசினால் மீறியவர் நீங்கள்தான். எடுக்காதீர்கள், வந்த அழைப்புகளின் பட்டியலை மட்டும் திகதியோடு படம் எடுத்து வையுங்கள்.

ஆள் விட்டுச் சொல்வது. மாமி, சித்தப்பா, கோயில் ஐயர், பங்குத்தந்தை, ஜி.எஸ்., யாராக இருந்தாலும் உங்கள் சொல்லைக் கொண்டுபோனால் அதுவும் தொடர்பு கொள்ள முயல்வதாகவே எடுக்கப்படும். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் பொதுவாகப் போடும் குத்தலும் இதில் அடங்கலாம்.

கோயில் பொங்கலும் பெருநாளும். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் அன்றும், மடுவில் ஆவணி 15 அன்றும் ஊரே ஒரு வீதியில் நிற்கும். தற்செயலாகக் கண்டால் விலகி மற்றப் பக்கம் போங்கள். யாரோடு போனீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள் என்பதை அன்றே குறித்து வையுங்கள். பின்தொடர்ந்தார் என்ற முறைப்பாட்டுக்கு அந்தக் குறிப்பும் கூட வந்தவரின் சாட்சியமும்தான் பதில்.

ஊரில் பேசித் தீர்த்தல். இணக்க சபையிலோ பெரியவர்கள் முன்னிலையிலோ ஒரு தாளில் இருவரும் கையெழுத்து வைத்துவிட்டுச் சேர்ந்து வாழத் தொடங்குகிறார்கள். கட்டளை அப்படியே உயிரோடு இருக்கும். அடுத்த சண்டையில் பொலிஸ் வரும்போது அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. கட்டளையை மாற்றவோ நீக்கவோ மன்றால் மட்டுமே முடியும். அதை நீக்கும்படி அவரே கேட்டாலும், யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கேட்கிறாரா என்று நீதவான் பார்ப்பார்.

முகநூலில் எழுதாதீர்கள். வழக்கில் உள்ளவர்களை அடையாளம் காட்டும் விபரங்களை வெளியிட இந்தச் சட்டம் இடம் தராது.

3. எடுக்க வேண்டிய நகல்கள்

வேலைக்கு முன் தாள். தவணைக்குக் குறைந்தது பத்து நாளாவது இருக்கத் தொடங்கினால் நல்லது.

முதலாவது, பழைய கட்டளையின் உறுதிப்படுத்திய நகல். கையில் இருக்கும் போட்டோக் கொப்பி போதாது. முத்திரையும் பதிவாளர் கையொப்பமும் வேண்டும். வழக்கேட்டு நகலையும் சேர்த்துக் கேளுங்கள். நீங்கள் எந்தத் தவணைக்கு வந்தீர்கள், எதற்குச் சம்மதித்தீர்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நகர்த்தல் பத்திரம் (மன்றிடம் ஒன்றைக் கேட்டு எழுத்தில் கொடுக்கும் தாள்) மூலம் விண்ணப்பித்து, பக்கக் கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும். விண்ணப்பித்த அன்றே கிடைக்கும் என்று நம்பிப் பஸ் ஏறாதீர்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருந்து வருபவர்கள், எப்போது ஆயத்தமாகும் என்று கேட்டுவிட்டு அந்த நாளுக்கு வந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சும்.

இரண்டாவது, நீடிப்பு விண்ணப்பமும் அதோடு இணைத்த சத்தியக் கடதாசிகளும். அறிவித்தலோடு வந்திராவிட்டால் மன்றில் கேட்டு வாங்குங்கள். அதை வாசிக்காமல் பதில் எழுதவே கூடாது.

மூன்றாவது, கண்காணிப்பு அறிக்கை. கட்டளையைக் கண்காணிக்கச் சமூக சேவை உத்தியோகத்தரையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ குடும்ப ஆலோசகரையோ மன்று நியமித்திருக்கலாம். அவர் எழுதியது உங்களுக்குச் சாதகமாக இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. பாதகமாக இருந்தால் விசாரணைக்கு முன் தெரிந்திருப்பது அதைவிட முக்கியம். ஆலோசனைக்குப் போன திகதிகளுக்கு ஒரு கடிதம் எடுங்கள். போகாத நாட்களுக்குக் காரணமும் அத்தாட்சியும் வேண்டும்: கிளினிக் கொப்பி, வேலைத்தலக் கடிதம், எதுவாகிலும்.

நான்காவது, பொலிஸ் முறைப்பாடுகளின் நகல். விண்ணப்பத்தில் எந்த முறைப்பாட்டு இலக்கம் சொல்லப்பட்டிருக்கிறதோ அதைப் பொலிஸ் நிலையத்தில் எழுத்தில் கேட்டு எடுங்கள். வன்னியில் சில நிலையங்களில் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும். அதைத் தெரிந்தவரிடம் வாசித்துக் கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். மன்றில் வைக்கச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். அதற்குப் பக்கக் கணக்கில் காசும் சில நாட்களும் போகும். இனிமேல் நீங்கள் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால் தமிழில் எழுதும்படி கேளுங்கள். விளங்காத தாளில் ஒப்பம் வைக்காதீர்கள்.

ஐந்தாவது, தாபரிப்புக் காசு கட்டிய பற்றுச்சீட்டுகள். கையில் கொடுத்த காசுக்கு மன்றில் பெறுமதி இல்லை. வங்கியிலோ தபால் கந்தோரிலோ நீதிமன்றத்திலோ கட்டியதற்கே சீட்டு உண்டு. இரண்டு மாதம் தவறியிருந்தால் அதைத் தவணைக்கு முன் கட்டி முடியுங்கள். தாபரிப்பு வேறு வழக்காக இருக்கலாம். இருந்தாலும் பிள்ளைக்குக் காசு கட்டாதவர் பாதுகாப்புக் கட்டளை தேவையில்லை என்று சொன்னால் எந்த நீதவானும் முகம் சுளிப்பார்.

தனியே வசிக்கிறீர்கள் என்றால் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலகத்தில் மேலொப்பத்துடன்.

4. சட்டத்தரணியும் செலவும்

சட்டத்தரணி இல்லாமலும் நீங்கள் எழுந்து பேசலாம். ஆனால் குறுக்கு விசாரணை உள்ள வழக்கில் அது புத்தியல்ல. ஆளைப் பிடிக்கும்போது இரண்டு கேள்வியை நேரே கேளுங்கள்: தவணைக்கு எவ்வளவு, ஆட்சேபனையும் சத்தியக் கடதாசியும் தயாரிக்கத் தனியாக எவ்வளவு? தவணைக் கணக்கில் காசு போகும் இடத்தில், விசாரணை மூன்று தவணை தள்ளிப்போனால் செலவும் மூன்று மடங்கு. அதை முதலே கணக்குப் பாருங்கள்.

வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். தேசிய அடையாள அட்டை, வருமானத்துக்குக் கிராம அலுவலர் உறுதிப்படுத்திய கடிதம், அறிவித்தலின் நகல் ஆகியவற்றோடு போங்கள். இங்கே ஒரு பொறி: மற்றத் தரப்புக்கு அதே அலுவலகம் ஏற்கனவே தோன்றியிருந்தால் உங்களுக்குத் தோன்ற முடியாது. இதைத் தவணைக்கு முதல் நாள் அறிந்தால் திண்டாட்டம். ஆகவே முதல் கிழமையிலேயே கேட்டுவிடுங்கள்.

5. எதை எதிர்ப்பது: முழுக் கட்டளையையா, ஒரு நிபந்தனையையா

நல்ல சட்டத்தரணி உங்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். "எல்லாத்தையும் தூக்க வேணும்" என்று வருபவர்களில் பெரும்பாலானோருக்கு உண்மையில் உறுத்துவது ஒன்றோ இரண்டோ நிபந்தனைகள். பழைய கட்டளையை எடுத்து நிபந்தனை நிபந்தனையாகப் பிரியுங்கள்.

வீட்டுக்குள் நுழையத் தடை, வீட்டில் வசிக்கத் தடை. இதற்கு எதிராக "காணி உத்தரவுப் பத்திரம் என்ர பேரில, வீட்டுத்திட்ட வீடும் என்ர பேரில" என்பதுதான் வன்னியில் அதிகம் கேட்கும் வாதம். அது எடுபடாது. கட்டளை உரிமையைத் தொடுவதில்லை, இப்போது யார் அங்கே பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதையே தொடுகிறது. பத்திரம் உங்கள் பெயரிலேயே இருக்கும், அதைப் பற்றி அஞ்ச வேண்டாம். எடுபடுவது வேறு: உங்களுக்குத் தங்க வேறு இடம் இல்லை, வயதான தாய் அந்த வளவில் உங்கள் பராமரிப்பில் இருக்கிறார், அல்லது மற்றவர் இப்போது அந்த வீட்டிலேயே இல்லை, வவுனியாவில் தாய் வீட்டோடு இருக்கிறார் என்பவை. கட்டளையால் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் வரும் கஷ்டத்தையும், பாதிக்கப்பட்டவரினதும் பிள்ளைகளினதும் தங்குமிடத் தேவையையும் மன்று சேர்த்தே பார்க்க வேண்டும்.

பொது வளங்கள். உழவு இயந்திரம், தண்ணி இறைக்கும் மிசின், கிணறு, கொட்டிலில் அடுக்கிய நெல்மூட்டை. இங்கே முழு நீக்கம் கேட்பதைவிட விபரமாக ஒரு மாற்றத்தைக் கேட்பதே வெல்லும். காலபோக அறுவடை மாசி, பங்குனியில் என்றால் இந்தத் திகதியில் இருந்து இந்தத் திகதிவரை, காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை, வீட்டு வளவுக்குள் நுழையாமல் வாய்க்கால் பக்கத்துப் பாதையால் வயலுக்குப் போய்வர அனுமதி என்று எழுதுங்கள். கையால் கீறிய ஒரு வரைபடத்தில் வீடு, வயல், பாதை மூன்றையும் காட்டி இணையுங்கள். ஆவணங்கள், உடுப்பு, தொழில் ஆயுதங்கள் எடுக்க வேண்டும் என்றால் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கூட வர ஒரு நாள் கேளுங்கள்.

பிள்ளைகள். கட்டளை பிள்ளையுடனான தொடர்பையும் தடுத்திருந்தால், மேற்பார்வையோடு சந்திக்க இடமும் நேரமும் குறித்துக் கேளுங்கள்: பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் முன்னிலையில், மாதத்தில் இரண்டு நாள் என்பது போல. பிள்ளை யாரோடு வளர்வது என்ற வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. அதை இங்கே இழுத்தால் நீதவான் நிறுத்துவார், உங்கள் நேரம்தான் வீணாகும்.

வேலைத்தலம், பாடசாலை. இருவரும் ஒரே ஆடைத் தொழிற்சாலையிலோ ஒரே பாடசாலையிலோ வேலை செய்தால், முறை மாற்றி வேலை போட்டிருப்பதாக நிர்வாகத்தின் கடிதம் ஒன்று கொண்டுபோங்கள்.

வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ தடை. விற்கும் எண்ணம் இல்லை என்றால் இதை எதிர்க்காதீர்கள். இதை எதிர்ப்பதே, விற்கப்போகிறார் என்ற சந்தேகத்தைக் கிளப்பும்.

எல்லாம் பிரித்த பிறகும் முழுக் கட்டளையையும் எதிர்ப்பது நியாயம் என்று பட்டால், அடிப்படை இவைதான்: கட்டளைக் காலத்தில் ஒரு மீறலும் இல்லை, ஆலோசனை முடித்தாகிவிட்டது, வேறு ஊரில் வசிப்பு, விண்ணப்பத்தில் சொல்லியிருப்பது முதல் கட்டளைக்குக் காரணமான பழைய சம்பவங்கள்தான், புதியது ஒன்றும் இல்லை. முதல் கட்டளையே பிழை என்று பழைய வழக்கைத் திரும்பக் கிளறாதீர்கள். அதற்குரிய இடம் அன்றைய மேன்முறையீடு. ஆனால் ஒன்று தெரிந்திருங்கள்: மீறல் இல்லாததற்குக் காரணமே கட்டளைதான் என்று மற்றத் தரப்பு வாதிடும். அந்த வாதத்துக்குப் பலம் உண்டு. அதனால்தான் மீறவில்லை என்பதோடு நிற்காமல், வாழ்க்கை எந்த வகையில் மாறியிருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கிறது. குடிதான் பிரச்சினையாக இருந்தது என்றால், சிகிச்சை பெற்ற வைத்தியசாலைக் குறிப்பு பத்து நற்சான்றுக் கடிதத்துக்குச் சமம்.

6. சத்தியக் கடதாசியும் சாட்சியும்

விண்ணப்பத்தின் ஒவ்வொரு பந்திக்கும் இலக்கம் போட்டுப் பதில் எழுதுங்கள்: ஏற்கிறேன், மறுக்கிறேன், எனக்குத் தெரியாது. மறுப்பதற்கு நேரே திகதியும் அத்தாட்சியும். மற்றவரின் ஒழுக்கத்தைப் பற்றிய ஏச்சுப்பேச்சு ஒரு வரிகூட வேண்டாம். அது கட்டளை தேவை என்பதற்கு நீங்களே எழுதிக்கொடுக்கும் சாட்சியாகிவிடும்.

கடதாசி தள்ளுபடியாகும் காரணங்கள் சில்லறையானவை. கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்வார்கள், இந்துக்கள் உறுதியுரைப்பார்கள். தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் மற்றதுமாகத் தட்டச்சுக் கடையில் பழைய படிவத்தில் அடித்துத் தந்துவிடுவார்கள். கடைசியில் சமாதான நீதவான் ஒப்பமிடும் சான்றுரையில் இடமும் திகதியும் எழுதாமல் விடுவது இன்னொன்று. சமாதான நீதவான் முன்னிலையில்தான் ஒப்பம் வைக்க வேண்டும். வீட்டில் வைத்துவிட்டு ஆள் மூலம் கொடுத்தனுப்பினால், குறுக்கு விசாரணையில் "எங்கே வைத்து ஒப்பமிட்டீர்கள்" என்ற ஒரே கேள்வியில் கடதாசி விழுந்துவிடும். மனுதாரருக்கு ஒன்று, மன்றுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று மூன்று பிரதி எடுங்கள்.

ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கிய மகஜர் மன்றில் செல்லாக் காசு. கண்ணால் கண்டதைச் சொல்லக்கூடிய இரண்டு பேர் போதும்: நீங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரர், வேலைத்தல மேற்பார்வையாளர். ஜி.எஸ். தரும் நற்சான்றிதழ் நல்லதுதான். ஆனால் "நல்லவர்" என்பதைவிட "கடந்த வருடம் முதல் எனது பிரிவில் வசிக்கிறார், இவருக்கு எதிராக என்னிடம் முறைப்பாடு வரவில்லை" என்பதே பயன்படும்.

ஒலிப்பதிவும் காணொளியும் கையில் இருந்தால் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லுங்கள். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தில் இத்தகைய பதிவுகளுக்கு 45 நாள் முன்னறிவித்தல் கேட்கப்படுகிறது. தவணையன்று போனை நீட்டினால் ஆட்சேபனை வரும். பதிவு உள்ள போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம்.

7. தவணை நாள்

காலை ஒன்பதுக்கு முன்னமே வளாகத்தில் நில்லுங்கள். ஏ9 வீதியில் பஸ் பிந்தியது என்பது காரணம் ஆகாது, முதல் பஸ்ஸையே பிடியுங்கள். மற்றவர் நிற்கும் பக்கம் போகாதீர்கள். நீதிமன்ற வாசலில் கதைத்ததும் மீறல்தான். தாய் தகப்பன், மச்சான்மார் என்று ஒரு வான் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதும் வேண்டாம். அது மிரட்டலாகத் தெரியும்.

பெயர் கூப்பிட்டதும் பெரும்பாலும் நடப்பது சமரசப் பேச்சு. இரண்டு சட்டத்தரணிகளும் மூலையில் நின்று ஆறு மாத நீடிப்பு, வயலுக்குப் போக அனுமதி என்று ஒரு உடன்பாட்டுக்கு வரலாம். மோசமில்லை, பல வேளையில் விசாரித்துப் பெறக்கூடியதைவிட நல்லது. ஆனால் திறந்த மன்றில் "சம்மதமா?" என்று கேட்கும்போது ஓம் சொல்ல முன், ஒவ்வொரு நிபந்தனையையும் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். முடியும் திகதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "மறு கட்டளை வரை" என்று எழுதியிருந்தால் திகதி போடச் சொல்லிக் கேளுங்கள்.

விசாரணைக்குப் போனால், நீங்கள் சாட்சிக்கூண்டில் நிற்கும்போது மற்றத் தரப்புச் சட்டத்தரணி உங்களைச் சூடேற்றப் பார்ப்பார். அவருடைய வேலை அது. கேட்டதற்கு மட்டும், நீதவானைப் பார்த்து, தாழ்ந்த குரலில் பதில் சொல்லுங்கள். உங்கள் கோபம் எப்படிப்பட்டது என்பதற்கு அந்தப் பத்து நிமிடமே சாட்சியாகிவிடலாம்.

8. கட்டளை வந்த பிறகு

நீடிக்கப்பட்டால் அன்றே நகலுக்கு விண்ணப்பியுங்கள். நிபந்தனை மாறியிருந்தால் புதிய நகல் உங்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். பழைய நகலை வைத்துக்கொண்டு வயலில் வைத்து உங்களைப் பிடித்தால் விளக்கம் சொல்லி முடிக்க ஒரு இரவு போகும். புதிய கட்டளையின் நகல் ஒன்றைப் பொலித்தீன் உறையில் போட்டு மோட்டார்சைக்கிளிலேயே வையுங்கள்.

தீர்ப்பு பிழை என்று சட்டத்தரணியும் சொன்னால் மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு. 14 நாள்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு முதல் கிழமையிலேயே ஓடுங்கள். மேன்முறையீடு போட்டதால் கட்டளை தானாக நின்றுவிடும் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள்; மேல் நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லும்வரை அதற்குக் கட்டுப்பட்டே நடவுங்கள். வழக்கேடு முழுவதற்கும் நகல் கட்டணம், மேல் நீதிமன்றத்தில் தனியாகச் சட்டத்தரணிக் கட்டணம் என்று செலவு ஏறும். ஆறு மாத நீடிப்பு ஒன்றை எதிர்த்து மேன்முறையீடு போட்டால், அது விளக்கத்துக்கு வரமுன்பே கட்டளைக் காலம் முடிந்துவிடலாம். அப்படியான வேளையில், வேலை மாற்றமோ புதிய வதிவிடமோ வந்ததும் அதே நீதவான் நீதிமன்றத்தில் மாற்றம் கேட்டு விண்ணப்பிப்பதே மலிவானதும் விரைவானதும்.